அடுப்பு யார் வீட்டில் எரிவது?

சாவுக்குப் போனவர் பசிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார். விடியற்காலையில் போன் வரும். குளித்தும் குளிக்காமலும் கிளம்பி, செஞ்சியிலோ விழுப்புரத்திலோ பஸ் பிடித்து, பனமலைப் பக்கத்து ஊர் ஒன்றில் இறங்கி, மாலையைப் போட்டுவிட்டுப் பந்தலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவார். பதினோரு மணிக்கு வயிறு கேட்கும். பக்கத்தில் இருப்பவரிடம், "எப்ப எடுக்கறாங்களாம்?" என்பார். சோற்றைப் பற்றித்தான் விசாரிக்கிறார் என்பது இருவருக்குமே தெரியும். "பெங்களூரு பொண்ணு வரணுமாம். நாலு மணி ஆயிடும்" என்று பதில் வரும். இருவரும் சிறிது நேரம் ஐஸ் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அந்த ஐஸ் பெட்டியிலிருந்துதான் தொடங்க வேண்டும். பிணம் வீட்டில் கிடக்கும்வரை அந்த வீட்டில் அடுப்பு பற்றவைக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு எங்கள் பக்கத்தில் பெரும்பாலான சாதிகளில் உண்டு. அது அரை நாளுக்கான கட்டுப்பாடு. காலையில் உயிர் போனால் பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடுவார்கள். இரவில் போனால் மறுநாள் உச்சிக்குள் முடிந்துவிடும். வெயில் அதற்கு மேல் அவகாசம் தராது. பக்கத்து ஊர்களுக்கு ஆள் போய்ச் சொல்லி, நடந்தும் மாட்டு வண்டியிலும் வரக்கூடிய தூரத்து உறவுக்காரர்கள் மட்டுமே வருவார்கள். அந்த அரை நாள் பட்டினி யாரையும் ஒன்றும் செய்யவில்லை. துக்கத்தின் ஒரு பகுதியாகவே அதைத் தாங்கிக்கொண்டார்கள்.

மின்சாரத்தில் ஓடும் பெட்டி வந்தபின் பிணம் இரண்டு நாள்கூடக் காத்திருக்கிறது. சென்னையிலிருந்து மகன், திருப்பூரிலிருந்து மருமகன், துபாயிலிருந்து பேரன் என்று எல்லோரும் வந்து முகம் பார்த்த பிறகுதான் எடுக்கிறார்கள். இது நல்ல மாற்றம்தான், குறை சொல்ல நான் யார்? ஆனால் கட்டுப்பாடு மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது. அரை நாள் அணைந்திருக்க வேண்டிய அடுப்பு ஒன்றரை நாள் அணைந்திருக்கிறது. அந்த ஒன்றரை நாளும் பந்தலில் முந்நூறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் சர்க்கரை நோய்க்கு மாத்திரை போட்டவர்கள், கைக்குழந்தைக்காரிகள், இரவெல்லாம் ஒப்பாரி வைத்துத் தொண்டை கட்டிப்போன கிழவிகள் எல்லோரும் உண்டு. இவர்களுக்கு யார் சோறு போடுவது? எந்தப் பணத்தில்?

முன்பு இதற்குப் பதில் இருந்தது. சாவு வீட்டு அடுப்புதான் அணையுமே தவிர, ஊர் அடுப்பு அணையாது. பங்காளி வீடுகளுக்கும் தீட்டு என்பதால் அங்கேயும் சமைக்க மாட்டார்கள். அதனால் பொறுப்பு சம்பந்தி வீட்டுக்கும் தெருவுக்கும் போகும். நாலு வீட்டில் உலை வைப்பார்கள். ஒரு வீட்டிலிருந்து சோறு, இன்னொன்றிலிருந்து புளிக்குழம்பு, மற்றொன்றிலிருந்து ரசம் என்று கூடையிலும் குண்டானிலும் வந்து சேரும். சில ஊர்களில் தலைக்கட்டுக்கு ஒரு படி அரிசி என்று வசூலித்து ஊர்ப் பொதுவில் வடித்தார்கள். சம்பந்தி வீட்டார் எடுத்துவரும் சோற்றுக்குப் பல இடங்களில் தாளிப்பு இருக்காது. கடுகு வெடிக்கும் வாசனை அன்றைக்கு ஆகாது என்று கணக்கு. செத்தவர் வீட்டுக்காரர் தன் கையிலிருந்து ஒரு ரூபாய்கூட எடுக்காமல் அந்த நாள் கழிந்தது. இந்த ஏற்பாட்டில் ஏழை பணக்காரன் பேதம் குறைவு, ஏனென்றால் செலவு செய்தது செத்த வீடு இல்லை.

இந்த ஏற்பாடு எப்போது உடைந்தது என்று தேதி சொல்ல முடியாது. நான்கு வீட்டு அடுப்பு வேலை முதலில் ஒரே வீட்டுக்குப் போனது. பிறகு செஞ்சி ஓட்டலுக்குப் போன் போட்டு நூறு பொட்டலம் சாம்பார் சாதம் கொண்டுவரச் சொல்வதாக ஆனது. தெருவில் கையாள் இல்லை என்பதும் ஒரு காரணம். இளவட்டங்கள் சென்னையிலும் ஒரகடத்திலும் வேலை பார்க்கிறார்கள், பெண்கள் நூறு நாள் வேலைக்குப் போயிருக்கிறார்கள். பொட்டலத்துக்கு யார் பணம் கொடுப்பது என்ற பேச்சு வரும்போது எல்லோருடைய கண்ணும் மூத்த மகன்மீது போகும். அவன் அப்போதுதான் மொட்டையடித்துக்கொள்ள உட்கார்ந்திருப்பான்.

பனமலையைத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் கோயிலுக்காகத் தெரிந்துவைத்திருப்பார்கள். குன்றின்மேல் ராஜசிம்ம பல்லவன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய தாளகிரீசுவரர் கோயில், அதன் சிறு சன்னதிச் சுவரில் பாதி அழிந்தும் அழியாமலும் நிற்கும் தேவியின் ஓவியம், கீழே விரிந்த ஏரி. ஊருக்கு அந்த ஏரிதான் முக்கியம். ஏரியை நம்பி நெல், நீர் எட்டாத மேட்டில் மல்லாட்டை, கிணறு உள்ளவனுக்குக் கரும்பு. நெல் விளையும் ஊர்தான் என்றாலும் ஏழைகள் தினமும் நெல்லுச்சோறு சாப்பிட்ட காலம் ஒன்றும் பழையது இல்லை. எழுபது வயதுக்காரர்களைக் கேளுங்கள். கேழ்வரகுக் கூழும் கம்பஞ்சோறும்தான் அன்றாடம். விளைந்த நெல் கடனுக்குப் போகும், குத்தகைக்குப் போகும். பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும்தான் வாய்க்கு வெள்ளைச் சோறு. பதினாறாம் நாள் காரியத்துக்குக் கூட்டம் திரண்டதற்குத் துக்கம் மட்டுமே காரணமில்லை என்று கிழவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

2011 ஜூன் முதல் ரேஷன் கடையில் அரிசி இலவசம். அதன்பின் வெறும் நெல்லுச்சோற்றுக்காக எந்த ஊரிலும் எவரும் வருவதில்லை. பசி அகன்றது பெரிய காரியம், அதில் சந்தேகமில்லை. ஆனால் விருந்து என்று ஒன்றைக் காட்ட வேண்டியவனுக்கு இப்போது சோறு போதவில்லை, கறி வேண்டியிருக்கிறது. கருமாதிச் செலவு ஏறியதற்கு இதுதான் முதல் காரணம் என்பது என் கணிப்பு. காலையில் வடை பாயசத்தோடு படையல், அது சைவம். எண்ணெய் தேய்த்துத் தலைமுழுகியபின் ராத்திரிக்குக் கறிச்சோறு. செஞ்சியில் வெள்ளிக்கிழமைதோறும் வாரச்சந்தை. ஆட்டுச் சந்தைக்கு அது பேர்போனது. பக்ரீத்துக்கும் தீபாவளிக்கும் ஆடு வாங்க வெளி மாவட்டத்து வியாபாரிகள் லாரியோடு வந்து நிற்பார்கள். அந்தக் கூட்டத்தில் மொட்டைத் தலையும் நாலு நாள் தாடியுமாக ஒருவன் ஆட்டின் முதுகைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தால் அவன் எதற்கு வந்திருக்கிறான் என்று வியாபாரிக்குச் சொல்லத் தேவையில்லை. பேரம் அதிகம் பேச மாட்டான் என்பதும் தெரியும்.

சாவுச் சமையலுக்கென்றே கூப்பிடப்படும் மாஸ்டர் ஒருவரோடு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். கல்யாணத்துக்கு அவரை யாரும் அழைப்பதில்லை. அதில் அவருக்குக் குறையும் இல்லை. "கல்யாணத்துல ருசி பார்ப்பாங்க. இங்க நேரத்துக்கு வருதான்னுதான் பார்ப்பாங்க" என்பார். போனவுடன் அவர் கேட்ட முதல் கேள்வி எத்தனை பேர் என்பது இல்லை.

"தம்பி, எத்தினி மணிக்கு எடுக்கறீங்க?"

"அஞ்சு மணின்னு சொல்லியிருக்கோம்ண்ணா."

"அப்ப ஆறரைதான். சுடுகாட்டுலேர்ந்து வந்து தலைக்கு ஊத்திக்கினு உக்கார ஏழர ஆயிடும். மத்தியானத்துக்கு வரவங்க வேற, ராத்திரிக்கு நிக்கறவங்க வேற. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுடாத."

வீட்டுக்கு எதிரே, சொல்லப்போனால் சாவு வீட்டின் எல்லை முடிகிற இடத்தில், வேலிகாத்தான் கட்டைகளை அடுக்கிக் கல் அடுப்பு மூட்டினார். இரண்டு பெரிய அண்டாவில் உலை ஏறியது. அரிசி ஒன்றில் மட்டும்தான் விழுந்தது. மற்றதில் வெறும் தண்ணீர் கொதித்துக்கொண்டே இருந்தது. விறகு வீணாகிறதே என்று வீட்டுக்காரரின் மச்சான் முனகினார். மாஸ்டர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பந்தியில் மூன்றாவது வரிசை உட்கார்ந்தபோது எழுந்து போய்ப் பந்தலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கி வருகிறவர்களை எண்ணினார். அதன்பிறகுதான் இரண்டாவது ஈட்டுக்கு அரிசி களைந்தார், அதுவும் அரைச் சிப்பம். கொதிக்கிற உலையில் போட்டால் இருபது நிமிஷத்தில் வடித்துவிடலாம். விறகு போனால் நூறு ரூபாய், சோறு மிஞ்சினால் ஆயிரம் ரூபாய் என்பது அவர் கணக்கு. வடித்த கஞ்சியைக் கீழே விடவில்லை. ஒரு தவலையில் பிடித்து, உப்புப் போட்டு, பிணத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்களுக்கு டம்ளரில் கொடுத்தனுப்பினார். எல்லோருக்கும் முன்னால் சாப்பாடு என்றால் அவர்கள் எழுந்து வர மாட்டார்கள். கஞ்சி என்றால் மறுக்காமல் குடிப்பார்கள். குடித்தார்கள்.

குழம்பில்தான் அவருடைய வித்தை. பருப்புச் சாம்பார் என்றால் கிலோ துவரைக்கு முப்பது, முப்பத்தைந்து பேர். பரங்கிக்காயும் கத்தரிக்காயும் சேர்த்து அதை இழுக்கலாம். ஆனால் கூட்டம் திடீரென்று பெருத்தால் சாம்பாரில் தண்ணீர் ஊற்றினால் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் ராத்திரிக்குக் காரக்குழம்பு. சுண்டக் காய்ச்சினால் ஒரு கரண்டிக்கு ஒரு தட்டுச் சோறு இறங்கும். மறுநாள் மிச்சமிருந்தாலும் கெடாது. ரசத்துக்குக் கணக்கே கிடையாது, அது எப்போதும் போதும். அப்பளம் இருந்தால் ஒருவரும் குறை சொல்வதில்லை என்பதையும் அவர்தான் சொன்னார். பந்தியில் நின்று பார்த்தேன், உண்மைதான்.

முந்நூறு பேருக்கு இப்படிச் சமைத்தால் ஆகும் கணக்கை இங்கே வைத்துவிடுகிறேன். ஆளுக்கு 150 கிராம் அரிசி வீதம் 45 கிலோ. கிலோ 50 ரூபாய் என்று வைத்தாலும் 2,250. துவரம் பருப்பு ஒன்பது கிலோ. காய்கறி இருபத்தைந்து கிலோ. எண்ணெய், புளி, மிளகாய், அப்பளம், மோர். பாக்குமட்டைத் தட்டு, விறகு, அண்டா வாடகை, மாஸ்டருக்கும் கையாளுக்கும் கூலி. பதினான்காயிரத்துக்குள் முடியும். ஆளுக்கு ஐம்பது ரூபாய்கூட வராது.

இதே முந்நூறு பேருக்குக் கருமாதியன்று மட்டன் பிரியாணி என்றால் அரிசி 33 கிலோ, கறியும் 33 கிலோ. கறி கிலோ 800 ரூபாய்க்குக் குறைந்து எங்கே கிடைக்கிறது? கறிக்கு மட்டும் 26,000 ரூபாய்க்கு மேல். மற்றதெல்லாம் சேர்ந்தால் ஐம்பதாயிரத்தை நெருங்கும்.

யாரும் எழுதிவைக்காத இன்னொரு செலவு இருக்கிறது. டீ. பந்தலில் உட்கார்ந்தவர் கையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பேப்பர் கப் வந்துவிட வேண்டும். டீக்கடையிலிருந்து கேனில் வரும். கணக்குக் கடைக்காரர் நோட்டில். பத்து ரூபாய் டீ, முந்நூறு பேர், நாலு சுற்று என்றால் பன்னிரண்டாயிரம். இரண்டு வேளைச் சோற்றில் ஒரு வேளையை டீயே குடித்துவிடுகிறது. பால் ஊற்றாத வரக்காப்பியை வீட்டெதிர் அடுப்பிலேயே போட்டால் இதில் கால் பங்குகூட ஆகாது. பழைய நாளில் அதுதான் வழக்கமாகவும் இருந்தது. பனைவெல்லம் போட்ட வரக்காப்பிக்குச் சாவு வீட்டில் பெயர் கெட்டுப்போனது எப்போது என்று தெரியவில்லை. இன்று அதை நீட்டினால் கஞ்சத்தனம் என்பார்கள்.

டீயோடு சொல்ல வேண்டிய இன்னொன்று சரக்கு. குழி வெட்டுகிறவர்களுக்கும் மேளக்காரர்களுக்கும் என்று ஆரம்பித்து, பாடை கட்டுகிறவர்களுக்கு, பட்டாசு வெடிக்கிறவர்களுக்கு, கடைசியில் கேட்கிற எல்லோருக்கும் என்று ஆகிவிட்டது. வீட்டுக்காரனால் மறுக்க முடியாது. மறுத்தால் பாடை நகராது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றபோது, முதலில் செத்தவர்களின் சாவுக்கு வந்த சிலரும் அதே சாராயத்தைக் குடித்ததாக நாளேடுகளில் படித்தோம். கள்ளக்குறிச்சி 2019 வரை எங்கள் விழுப்புரம் மாவட்டத்தில்தான் இருந்தது. படித்தபோது எனக்குத் திகைப்பாக இல்லை. சாவு வீட்டுக்குப் போய்ச் சோறில்லாமல் வந்தவர்கள் உண்டு, குடிக்காமல் வந்தவர்கள் குறைவு.

குழி வெட்டுகிறவர், மேளக்காரர் என்று எளிதாக எழுதிவிட்டேன். அவர்கள் யார், எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்பது படிக்கிறவருக்குத் தெரியும். ஊரெல்லாம் தின்று முடித்தபின் கொல்லைப்புறத்தில் குண்டானோடு காத்திருந்தவர்களும் அவர்கள்தான். சாவு வீட்டுச் சாப்பாடு சமத்துவமானது என்று ஒருவர் எழுதினால் இதை மறைத்துவிட்டுத்தான் எழுத வேண்டும். சாவுக்குப் பறையடிக்க மாட்டோம், எழவு சொல்லப் போக மாட்டோம் என்று தமிழ்நாட்டின் பல ஊர்களில் தலித் மக்கள் மறுத்து எழுந்த வரலாற்றில் இந்தக் குண்டானுக்கும் இடமுண்டு. இன்று பல ஊர்களில் மேளம் அடிக்க வெளியூர் செட்டு கூலி பேசி வருகிறது. அவர்களுக்கும் மற்றவர்களோடு பந்தியிலேயே இலை போடப்படுகிறது. எல்லா ஊரிலும் என்று சொல்ல மாட்டேன்.

நம் பழைய ஏடுகளில் சாவுக்கும் சோற்றுக்கும் உள்ள தொடர்பு ஆழமானது. நடுகல் நடுவதற்குத் தொல்காப்பியம் சொல்லும் ஆறு கட்டங்களில் ஐந்தாவது பெரும்படை, இறந்தவனுக்கு வைக்கும் பெரும் படையல். எங்களுக்கு மேற்கே செங்கத்தைச் சுற்றி நிற்கும் நடுகற்களுக்கு முன்னாலும் அப்படி ஒரு நாள் சோறு குவிந்திருக்க வேண்டும். ஆனால் செஞ்சிக்குச் சாவைப் பற்றி வேறொரு நினைவும் இருக்கிறது. கோட்டைக்கு வடக்கே திருநாதர்குன்றில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களைச் செதுக்கிய பாறை ஒன்றுண்டு. பக்கத்தில், சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர்விட்டதைச் சொல்லும் கல்வெட்டு. இளையபட்டாரர் என்பவர் 30 நாள் நோற்றதற்கும் அங்கே கல்வெட்டு இருக்கிறது. எழுத்தின் வரலாற்றுக்காக அறிஞர்கள் அந்தக் குன்றுக்குப் போவார்கள். எனக்கு அங்கே தோன்றியது வேறு. சாவைச் சோற்றால் கொண்டாடும் ஊர்களுக்கு நடுவே, சோற்றை விட்டுச் செத்தவரையும் மக்கள் கல்லில் வெட்டி மதித்திருக்கிறார்கள். பந்தியின் அகலத்தை வைத்து எந்தச் சாவையும் அளக்கத் தேவையில்லை என்பதற்கு எங்கள் பக்கத்திலேயே, ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்குக் குறையாத சான்று நிற்கிறது. மேல்சித்தாமூர் மடத்தைச் சேர்ந்த தமிழ்ச் சமணர்கள் இன்னும் இந்த வட்டாரத்தில்தான் வாழ்கிறார்கள்.

சட்டம் போட்டு அடக்கிப் பார்த்த மாநிலமும் உண்டு. ராஜஸ்தானில் சாவு விருந்துத் தடைச் சட்டம் 1960இல் வந்தது. குடும்பத்தாருக்கும் புரோகிதருக்குமாக நூறு பேருக்கு மேல் உணவு போட்டால் ஓராண்டுவரை சிறை. தகவல் தர வேண்டிய பொறுப்பு ஊராட்சித் தலைவருக்கும் கிராமக் கணக்கருக்கும். அறுபது ஆண்டு கழித்து, 2020இல், அந்தச் சட்டம் இருப்பதை அம்மாநிலக் காவல் துறை எல்லோருக்கும் நினைவூட்டிச் சுற்றறிக்கை விட வேண்டியிருந்தது என்பதிலிருந்து அது எவ்வளவு வேலை செய்தது என்று தெரிந்துகொள்ளலாம். அதே ஆண்டில் கொரோனா செய்ததை எந்தச் சட்டமும் செய்யவில்லை. சாவுக்கு இருபது பேர் என்று மார்ச் 24 அன்று ஒன்றிய அரசு உத்தரவு போட்டது. பந்தல் இல்லை, பந்தி இல்லை, கறி இல்லை. செலவும் இல்லை. ஆனால் அந்த ஆண்டில் தகப்பனை எடுத்தவர்களிடம் பேசிப் பாருங்கள். பணம் மிச்சமானது என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். யாரும் வரவில்லை என்றுதான் சொல்வார்கள். கூட்டம் வேண்டும். கூட்டத்துக்குச் சோறு வேண்டும். அந்தச் சோற்றை யார் தலையில் கட்டுவது என்பதில்தான் நாம் தவறிவிட்டோம்.

இதை எத்தியோப்பியர்கள் நம்மைவிடத் தெளிவாகச் செய்கிறார்கள். அங்கே தெருவுக்குத் தெரு இதிர் என்ற சங்கம் இருக்கும். மாதாமாதம் சிறுதொகை கட்டுவார்கள். சங்கத்துக்குச் சொந்தமாகக் கூடாரம், பெஞ்சு, சமையல் பாத்திரம். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் கூடாரம் தானாக வந்து நிற்கும், உறுப்பினர்கள் முறைவைத்துச் சமைப்பார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம், இலங்கையில் கிராமங்கள்தோறும் மரண உதவிச் சங்கங்கள் இதே வேலையைச் செய்கின்றன. தென்னாப்பிரிக்காவில் சங்கங்களும் காப்பீடும் இருந்தும், குவாசுலு-நட்டாலில் நடந்த ஆய்வொன்றில், பெரியவர் ஒருவரின் சாவுக்குச் சராசரியாக ஒருவரின் ஓராண்டு வருமானத்துக்குச் சமமான தொகை செலவாவது தெரிந்தது. அங்கேயும் கூட்டத்துக்கான சாப்பாட்டுக்குப் பணம் போகிறது.

எங்கள் பக்கத்தில் சங்கம் இல்லை, கிழவிகள் இருக்கிறார்கள். முதியோர் பணம் மாதம் 1,200 ரூபாய் வருகிறது, 2023க்கு முன்பு ஆயிரம். அதில் நூறோ இருநூறோ ஒதுக்கி, சுருக்குப் பையிலோ மகளின் கையிலோ கொடுத்துவைத்து, "இது என் காரியத்துக்கு, வேற எதுக்கும் எடுக்கக் கூடாது" என்று சொல்லும் கிழவிகளை எனக்குத் தெரியும். வெற்றிலைக்குச் செலவு செய்யாமல் தன் சாவுக்கு வருகிறவர்களின் கறிக்குச் சேர்க்கிறாள். அரசிடம் கேட்கலாம் என்றால், தேசியக் குடும்ப நல உதவித் திட்டத்தில் வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்தில் சம்பாதிக்கிறவர் இறந்தால் 20,000 ரூபாய் உண்டு. ஆனால் இறந்தவருக்கு வயது 18க்கும் 59க்கும் இடையில் இருக்க வேண்டும். கிழவிக்கு அதில் இடமில்லை. வயது பொருந்தினாலும் அந்தப் பணம் பதினாறாம் நாளுக்குள் வந்து நான் பார்த்ததில்லை. அதனால் கடன். மூன்று வட்டி, நாலு வட்டி. மொய் வந்தால் அடைத்துவிடலாம் என்று வாங்குவார்கள்.

மொய் வரும், ஆனால் வருகிற நாள் தப்பு. கருமாதியன்று, கறிச்சோறு தின்று கை கழுவியபின், நோட்டில் எழுதுவார்கள். பேராவூரணிப் பக்கத்து மொய்விருந்து போல அது ஒரு கைமாற்று, திருப்பிச் செய்ய வேண்டியது. அதில் குற்றமில்லை. ஆனால் எழவு விழுந்த அன்று, கையில் காசில்லாமல் மகன் திணறும் நேரத்தில், மொய் எழுதப்போகிறவர்களில் நூறு பேர் தலைக்கு இருநூறு ரூபாய் மாலையோடு வருகிறார்கள். மாலை பிணத்தின்மேல் அரை மணி நேரம் கிடக்கும். பிறகு கழற்றி ஓரமாகக் குவிப்பார்கள். ஊர்வலத்தில் பிய்த்துத் தெருவெல்லாம் இறைப்பார்கள். மறுநாள் ஆடு மேயும். நூறு மாலை இருபதாயிரம் ரூபாய். மேலே போட்ட கணக்கில் முந்நூறு பேருக்கு ஒரு வேளைச் சோறும் ஒரு நாள் முழுக்க வரக்காப்பியும் அதில் அடங்கும், மிச்சமும் இருக்கும்.

ஆகவே செஞ்சிப் பக்கத்து வாசகர்களுக்கும், இதே நிலையிலுள்ள மற்ற ஊர்க்காரர்களுக்கும் ஒன்று கேட்கிறேன். மாலை நெருங்கிய உறவு போடட்டும், கோடி தாய்வீடு போடட்டும். நீங்கள் பூக்கடைக்குப் பக்கத்து மளிகைக்குப் போய் ஐந்து கிலோ அரிசியோ, ஒரு கிலோ துவரம் பருப்போ, காப்பித் தூளும் வெல்லமுமோ வாங்கிக்கொண்டு போங்கள். வெறுங்கையோடு பிணத்தின் முன்னால் நிற்கக் கூச்சமாக இருந்தால் ஒரு முழம் பூ போதும். அரிசியை வீட்டுக்காரரிடம் நீட்டாதீர்கள். வாங்க மாட்டார், வாங்கினாலும் அவமானமாக நினைப்பார். நேரே அடுப்பங்கரைக்குப் போய் மாஸ்டரிடம் கொடுத்துவிட்டுப் பெயரைச் சொல்லுங்கள். செலவு நோட்டு வைத்திருக்கிற பங்காளி குறித்துக்கொள்வார். கருமாதிக்கு அழைப்பு வந்தால் போங்கள், மொய் வையுங்கள், சைவப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு ராத்திரிக் கறிக்கு நிற்காமல் கிளம்பி வாருங்கள். நாற்பது வீடு இப்படிக் கிளம்பி வந்தால் அடுத்த கருமாதிக்கு ஆடு பிடிக்க யாரும் சந்தைக்குப் போக வேண்டியதில்லை.